யாருடைய மானம்?

கேள்வி: ஆஸ்பத்திரி, மனநலக் காப்பகம் என்று காமிராவைத் தூக்கிக்கொண்டு போய், கஷ்டப்படுகிறவர்களைப் படம் பிடித்து விருது வாங்குவதையே சில ஆவணப்பட இயக்குநர்கள் வாழ்நாள் தொழிலாக வைத்திருக்கிறார்கள். நோயாளியின் மானத்தை விற்பதற்குப் பெயர் சமூக அக்கறையா? (வாசகர் ஒருவர், தாராபுரம்)

பதில்: உங்களுக்கு முன்பே ஒரு மாநில அரசு இதே வாதத்தைக் கோர்ட்டில் வைத்து ஜெயித்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்.

ஆவணப்பட இயக்குநர் ஃபிரெடெரிக் வைஸ்மன் முதலில் அங்கே சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். மனநலம் குன்றிய கைதிகளை வைத்திருந்த பிரிட்ஜ்வாட்டர் அரசு மருத்துவமனைக்குத் தன் மாணவர்களை அழைத்துப்போவார். அப்புறம் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி அங்கேயே படம் எடுத்தார். 1967-இல் வந்த 'டிடிகட் ஃபாலீஸ்' அதுதான். பின்னணிக் குரல் இல்லை, பேட்டி இல்லை. வெற்று அறைகளில் அம்மணமாக மனிதர்கள். சாப்பிட மறுக்கும் ஒருவருக்கு மூக்கு வழியாகக் குழாயைச் செருகி உணவை ஊற்றுகிறார் மருத்துவர். அவர் வாயில் சிகரெட். சாம்பல் நீண்டு, புனலுக்கு மேலேயே தொங்குகிறது. நடுநடுவே அதே மனிதரின் பிணத்துக்குப் பக்குவமாகச் சவரம் செய்வதையும் காட்டுகிறார் வைஸ்மன். (அப்படி வெட்டி ஒட்டியது கொஞ்சம் அதிகம்தான் என்று பிற்பாடு அவருக்கே தோன்றியது.)

அரசு வழக்குப் போட்டது. நோயாளிகளின் அந்தரங்கம் கெட்டுவிட்டதாம். 1968-இல் பிரதிகளை அழிக்கச் சொன்னார் நீதிபதி. மறுவருஷம் மேல்கோர்ட், மருத்துவர், வக்கீல், மாணவர் போன்றவர்கள் மட்டும் பார்க்கலாம் என்றது. பொதுமக்கள் பார்க்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துணியில்லாமல் அடைத்து வைத்தபோது வராத மானம், வெளியில் இருப்பவன் பார்த்ததும் வந்துவிட்டது!

சரி, உங்கள் கேள்வியில் ஒரு பாதி நியாயமானது. அங்கே இருந்தவர்களில் பலர், படம் எடுக்கச் சம்மதம் சொல்லும் நிலையிலேயே இல்லை. நிர்வாகத்தின் அனுமதி அவர்களுடைய சம்மதம் ஆகிவிடாது. வைஸ்மனை எத்தனை மெச்சினாலும் இந்த இடம் உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் "விற்பது" என்கிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1970-இல் நியூயார்க்கின் ஒரு பெரிய பொது மருத்துவமனையைப் படமாக்கினார். 1989-இல் 'நியர் டெத்'. பாஸ்டனில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு. செயற்கை சுவாசத்தை நிறுத்தலாமா, தொடரலாமா என்று மருத்துவர்களும் நர்ஸ்களும் குடும்பத்தாரிடம் பேசுகிறார்கள், திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். வில்லன் யாரும் கிடையாது. களைத்துப்போன மருத்துவர்கள், முடிவு சொல்லத் தெரியாமல் விழிக்கும் சொந்தக்காரர்கள். கறுப்பு வெள்ளையில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். துயரத்தை விற்றுக் காசு பார்க்க நினைப்பவர் செய்கிற வியாபாரமா இது? எந்தத் தியேட்டர்காரர் வாங்குவார்?

கிடைத்தால் அதைப் பாருங்கள், இரண்டு மூன்று தவணையாகவாவது. அப்புறமும் இதே கேள்வி இருந்தால் எழுதுங்கள், கட்டாயம் போடுகிறேன்.