வெளிநாட்டில் முடக்கிய ஊழல் பணம் ஏன் உடனே அந்த நாட்டு மக்களுக்குத் திரும்புவதில்லை?

முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. இதை எனக்குப் புரியவைத்தது ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம்.

சேலத்தில் அம்மா பணம் போட்டிருந்த நிதி நிறுவனம் ஒருநாள் மூடிக்கொண்டது. முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997-ல் வந்த சட்டம் இருக்கிறதே, அதன்படி நிறுவனத்தின் சொத்துகளை அரசு முடக்கியது. மலைமேல் இருந்த தோட்டமும் அதில் ஒன்று. ஒரு தை மாதம் போய்ப் பார்த்தோம். கேட்டில் சங்கிலி, பூட்டைச் சுற்றித் துணி, அதன்மேல் அரக்கு முத்திரை. உள்ளே சில்வர் ஓக் மரத்தடியில் காப்பிப் பழங்கள் பறிக்க ஆளில்லாமல் கறுத்து உதிர்ந்து கிடந்தன. "நம்ம காசு கண்ணு, மண்ணுல கெடக்குது" என்றார் அம்மா. கூட வந்த வக்கீல் குமாஸ்தா, "இனி அவன் விக்க முடியாதுங்கம்மா, அவ்வளவுதான். நமக்கு வரணும்னா கோர்ட்டுதான் சொல்லணும்" என்றார்.

நாடுகளுக்கு இடையிலும் இதே நிலைதான். 2011 பிப்ரவரி 11 அன்று எகிப்தில் அதிபர் முபாரக் பதவி விலகினார். அன்றைக்கே சுவிட்சர்லாந்து அவரைச் சேர்ந்தவர்களின் பணத்தை முடக்கியது. சுமார் 70 கோடி பிராங்க். மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியமும் 19 பேரின் சொத்துகளை முடக்கியது. ஆனால் இந்தக் கணக்கில் உள்ள பணம் இந்தக் குற்றத்தில் வந்தது என்று எகிப்து முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை. 2017-ல் சுவிஸ் அரசு தன் முடக்கத்தை விலக்கியது, 2021-ல் ஐரோப்பிய ஒன்றியமும் விலக்கியது. சுவிஸ் அரசு வழக்கறிஞர்கள் தனியாக நடத்திய விசாரணையும் 2022-ல் முடிந்து, மீதியிருந்த சுமார் 40 கோடி பிராங்கும் விடுபட்டது. எகிப்து மக்களை நினைத்தால் எனக்கு அந்த உதிர்ந்த பழங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

சரி, சொந்த நாடு குற்றம் சாட்டினால் போதாதா? போதாது. உக்ரைனில் 2014-ல் அதிபர் யானுகோவிச் ஆட்சி கவிழ்ந்ததும், அவரையும் முன்னாள் பிரதமர் அசாரோவையும் ஐரோப்பிய ஒன்றியம் சொத்து முடக்கப் பட்டியலில் சேர்த்தது. அசாரோவ் வழக்குப் போட்டார். உக்ரைனின் நடவடிக்கையில் அவருடைய தற்காப்பு உரிமை மதிக்கப்பட்டதா என்று ஒன்றியமே பார்த்திருக்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. புதிதாக வந்த ஆட்சி, பழையவர்களைப் பழிவாங்கவும் வழக்குப் போடலாம் அல்லவா?

கிடைத்த கதையும் உண்டு. பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் மார்கோஸின் பணம் 1986-ல் சுவிட்சர்லாந்தில் முடங்கியது. அது பிலிப்பைன்ஸ் அரசுக்கே சொந்தம் என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2003-ல்தான் தீர்ப்பளித்தது. பதினேழு வருடம். அப்புறம் 2013-ல் ஒரு சட்டம் போட்டு, மார்கோஸ் ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்களுக்கு அதிலிருந்து 1,000 கோடி பெசோ ஒதுக்கினார்கள்.

இப்போது அத்தனை வருடம் காத்திருக்கவும் முடியாது. 2016-ல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் சட்டப்படி, வழக்குக்கு உதவுவதற்கான முடக்கம் முதலில் நான்கு வருடம், பிறகு வருடம் வருடமாக நீட்டினாலும் மொத்தம் பத்து வருடம்தான். அதற்குள் சொந்த நாட்டு விசாரணை அதிகாரிகள் கணக்கு எண், பணம் கைமாறிய தேதி என்று ஆதாரத்தோடு கேட்டு எழுத வேண்டும்.