தொண்டைப் பரிசோதனைக்குக் குழந்தை வாயைத் திறக்க மறுத்தால்?

தொண்டைத் தொற்றா என்று பார்க்கப் பஞ்சுக் குச்சியை எடுத்தாலே 5 வயது மகள் வாயை இறுக்கிக்கொள்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், 'ஒண்ணுமே பண்ணாது' என்று மட்டும் சொல்லாதீர்கள். குமட்டிய நொடியே உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். 'கொஞ்சம் குமட்டும், சட்டுனு முடிஞ்சிடும்' என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

மடியில் உட்கார வைத்து, அவள் முதுகை உங்கள் மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் அவள் இரண்டு கைகளையும் அணைத்து, மறு கையை நெற்றியில் வையுங்கள். படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவதைவிட இது எவ்வளவோ மேல். குச்சி இரண்டு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் தொட வேண்டும். நாக்கின் அடிப்பகுதியில் பட்டால் குமட்டல் கூடும். அதனால் 'ஆ...' என்று இழுக்கச் சொல்லுங்கள், அல்லது ஓடிவந்த நாய்க்குட்டி மாதிரி மூச்சு வாங்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே கண்ணாடி முன் டார்ச் அடித்து, பொம்மையின் 'தொண்டையை'யும் பார்த்துப் பழக்கலாம். கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம், வாந்தி வரலாம்.

அப்புறம், இந்தப் பரிசோதனை பெரும்பாலும் தொண்டைத் தொற்றை உண்டாக்கும் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் அநேகமாக வைரஸ்தான். பரிசோதனை அவசியமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.