பழைய மணிக்கூட்டு டயல்: கேள்வி பதில்

சுன்னாகத்திலிருந்து: அப்பப்பாவின் ஒமேகா கொன்ஸ்டலேஷன் கிடைத்திருக்கிறது. டயல் மங்கிவிட்டது. புதிதாகப் பெயின்ற் அடிக்கலாமா?

வேண்டாம் தம்பி. கொன்ஸ்டலேஷன் 1952இல் வந்தது. உங்களுடையது கவிழ்த்த தாம்பாளம் போல நடு உயர்ந்து, 12 பட்டைகளாக விளிம்புக்குச் சரிகிறதா? அதைத்தான் ‘பை பான்’ டயல் என்பார்கள். பெயின்ற் அடித்தால் பட்டைகளின் கூர்மை மழுங்கிவிடும், பழைய எழுத்தின் மெல்லிய கோடுகள் தடித்துவிடும். வாங்குபவர் லென்ஸில் முதலில் பார்ப்பது அதைத்தான். நிமிடக் கோடு, பதித்த மணிக்கோட்டுக்கு நேரே நிற்காவிட்டால் பெரும்பாலும் யாரோ கை வைத்த டயல். நானும் இருபது வயதில் ஒன்றுக்குப் பெயின்ற் அடிப்பித்தேன். வடிவான டயல், போய்விட்டது. இன்றைக்கும் மனம் ஆறவில்லை. இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள், டயலைத் தொடவிடாதீர்கள்.

மானிப்பாயிலிருந்து: என்னுடைய றாடோ என்ன விலை போகும்?

படம் பார்க்காமல் விலை சொல்வதில்லை.

பருத்தித்துறையிலிருந்து: கறுப்பு டயல் மண்ணிறமாகிவிட்டது. மாற்றலாமா?

ஒரே சீராக மாறியிருந்தால் விடுங்கள். வெயில் பட்டு அரக்குப் பூச்சு நிறம் மாறிய டயல் அது. ‘ட்ரொப்பிக்கல்’ என்று தேடி வாங்குகிறார்கள்.

நல்லூரிலிருந்து: கெட்டுப்போன டயலுக்குப் பெயர் வைத்து விலை ஏற்றுகிறார்கள். இதற்கு நீங்களும் துணையா?

அண்ணை, பாதி சரி. சூட்டில் வைத்து வேண்டுமென்றே நிறம் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் உப்புக் காற்றில் ஈரம் புகுந்து புள்ளி புள்ளியாக அரித்ததும் ட்ரொப்பிக்கல் இல்லை, பழுது. ஆனால் அரிய டயல்கள் பலவும் பிறந்தபோது ஒருவரும் விரும்பாதவைதான். றோலெக்ஸ் டேடோனாவின் ‘போல் நியூமன்’ டயலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது கடைகளில் விலைப்படாமல் கிடந்தது. நடிகர் போல் நியூமன் கட்டியிருந்த அந்த மணிக்கூடே 2017இல் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்குப் போனது. யாராவது அதற்குப் புது டயல் போட்டிருந்தால்?

நல்லூரிலிருந்து மீண்டும்: அது நடிகரின் பெயருக்குக் கொடுத்த விலை.

அந்தத் தொகையில் பெரும்பங்கு பெயருக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கட்டாத அதே டயல் மணிக்கூடுகளும் சாதாரண டேடோனாவைவிடப் பல மடங்கு போகின்றன. அது டயலுக்கான விலைதானே, அண்ணை?

கொக்குவிலிலிருந்து: இருட்டில் ஒளிர்வதில்லை. புள்ளிகளைச் சுரண்டிப் புதிதாகப் பூசலாமா?

சுரண்டாதீர்கள்! 1960களின் தொடக்கம் வரை றேடியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்து பூசினார்கள். அதோடு சேர்த்த, ஒளி தரும் நாகசல்பைட்டுத்தான் (சிங்க் சல்பைட்டு) செத்துப்போகும். றேடியம் பாதியாகவே 1600 வருடம் வேண்டும். அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது, மூடியைத் திறக்கவும் வேண்டாம். டயலின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இரு பக்கமும் டீ (T) எழுத்து இருந்தால் ட்ரிட்டியம், அதுவும் கதிரியக்கப் பொருள்தான். அது 12 வருடத்தில் பாதியாகிவிடும். அதையும் சுரண்ட வேண்டாம்.

இணுவிலிலிருந்து: பழைய டயலைப் பளபளப்பாக்க என்ன வழி?

மேலே சொல்லிவிட்டேன். டயலைத் தொடாதீர்கள்.

சாவகச்சேரியிலிருந்து: எனது சீக்கோ என்ன விலை?

மானிப்பாய்க்குச் சொன்னதே.

சுன்னாகத்திலிருந்து மீண்டும்: ஐயா, நேற்றே ரவுணில் கடையில் கொடுத்துவிட்டேன். நாளைக்குப் பெயின்ற் அடிப்பார்களாம்.

இப்பவே போங்கள் தம்பி. அடிக்க வேண்டாம் என்று சொல்லி, டயலை இருக்கிறபடியே வாங்கி வாருங்கள். கழற்றிவிட்டார்கள் என்றால் முள்ளுகளையும் எண்ணி வாங்குங்கள்.