வாசகர் கேள்வி – பதில்: பொய்யென்று தெரிந்தும் கால் நடுங்குவது ஏன்?

கேள்வி: வி.ஆர். (மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும்) ஹெட்செட்டில் மாடி விளிம்பிலிருந்து நீளும் பலகையில் நடக்கச் சொல்கிறார்கள். அறைக்குள்தான் நிற்கிறேன் என்று தெரிந்தும் காலை எடுத்து வைக்க முடியவில்லை. நான் பயந்தாங்கொள்ளியா?

பதில்: இல்லவே இல்லை. தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்புகிறது. குனிந்தால் பலகைக்குக் கீழே தெரு தெரிகிறது. பிறந்ததிலிருந்து ஓர் இடத்தை நம் மூளை இப்படித்தான் அறிந்து பழகியிருக்கிறது. ‘இது படம்தான்’ என்று அறிவு சொல்வதற்குள் உடம்பு முந்திக்கொள்கிறது. வி.ஆர். ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009-இல் இந்த மாய உணர்வை இரண்டாகப் பிரித்தார்: ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பது ஒன்று, ‘இது நிஜமாகவே நடக்கிறது’ என்பது மற்றொன்று. படம் துல்லியமாக இருந்தும், எதிரே வருபவர் நம்மைக் கண்டுகொள்ளாமல் போனால் இரண்டாவது மட்டும் கலைந்துவிடும்.

வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வொன்று 2002-இல் வெளியானது. மெய்நிகர் பள்ளத்தின் ஓரத்தில் நின்றவர்களுக்கு இதயத் துடிப்பு கூடியது. காலடியில் ஒன்றரை அங்குல உயரத்தில் நிஜ மரப்பலகை ஒன்றை வைத்ததும் அது இன்னும் கூடியது. அந்த ஒன்றரை அங்குலத்தைப் பாதத்தால் தொட்டதும் மீதி ஆழத்தை மூளையே நம்பிக்கொள்கிறது. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த சோதனை இது.

கேள்வி: ஒன்றிப்போயிருக்கும்போதே சட்டென்று கலைந்து, தலையும் சுற்றுகிறது. எதைச் சரிசெய்வது?

பதில்: முதலில் லென்ஸ் இடைவெளி. பெரியவர்களுக்குக் கண்மணிகளின் இடைவெளி சராசரியாக 63 மி.மீ.; உங்களுடையதை அளந்து அதற்கேற்ப வையுங்கள். தலைப்பட்டையைப் பின்மண்டையின் மேட்டுக்குக் கீழே இறக்கி மாட்டுங்கள். மேலே மாட்டினால் ஹெட்செட் மூக்கில் சரிந்து படம் மங்கும். மூக்கோரம் கசியும் வெளிச்சமும் அறையை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்து தாமதம். தலை அசைந்து 20 மில்லி விநாடிக்குள் படம் மாற வேண்டும். அதற்கு மேல் போனால் காதின் சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். குமட்டல் அங்கேதான் தொடங்குகிறது. படத்தின் தரத்தைக் குறைத்தாவது விநாடிக்கு 90 சட்டகம் (ஃபிரேம்) சீராக ஓடும்படி பாருங்கள். கண்கூசும் அழகைவிடச் சீரான ஓட்டமே மேல். கைக்கருவியின் ஸ்டிக்கால் வழுக்கிச் செல்வதற்குப் பதில் இடம்விட்டு இடம் தாவும் முறையைத் தேர்ந்தெடுங்கள். குமட்டல் வந்துவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள், உடனே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: நேரம் போவதே தெரியவில்லையே?

பதில்: ஹெட்செட்டுக்குள் நேரத்தைக் குறைத்தே மதிக்கிறோம். குனிந்தால் சொந்த உடம்பு தெரியாததும் ஒரு காரணமாக இருக்கலாம். 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். கழற்றியதும் வண்டி ஓட்டக் கிளம்பாதீர்கள். தலை தெளியும்வரை உட்கார்ந்திருங்கள்.