‘கொரோனா பேட்சா?’ என்று கேட்கிறார்கள்

கேள்வி: 2019இல் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தேன். மூன்றாம், நான்காம் செமஸ்டர் பாடங்களில் பெரும்பகுதியை எங்கள் வீட்டு மொட்டை மாடியில், அப்பாவின் கைப்பேசியில்தான் படித்தேன். மருந்துத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு நேர்காணலுக்குப் போனால், மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததுமே ‘கொரோனா பேட்சா?’ என்று சிரிக்கிறார்கள். நாங்கள் உண்மையிலேயே ஒன்றும் கற்கவில்லையா, ஐயா?

– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பாடத்தைக் கற்றீர்கள், அம்மா. 2020 மார்ச் 17ஆம் தேதி கல்லூரிகள் மூடப்பட்ட பிறகு நானும் கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்துவைத்துப் பாடம் நடத்தியவன்தான். பதிவுசெய்த வகுப்பை இரண்டு மூன்று முறை போட்டுக் கேட்டு, கரிம வேதியியலின் வினைவழிமுறைகளை முந்தைய ஆண்டு மாணவர்களைவிடத் தெளிவாக எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கும் சிக்னலும் ரீசார்ஜ் செய்யப் பணமும் வேண்டியிருந்தன. நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டாவைத் தமிழக அரசு 9.69 லட்சம் மாணவர்களுக்கு அறிவித்ததே 2021 ஜனவரியில்தான். அதற்குள் ஒரு செமஸ்டர் ஓடிவிட்டது.

உங்களுக்குக் கிடைக்காமல் போனது கைப்பழக்கம். பெர்மாங்கனேட் டைட்ரேஷனை, அதாவது ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனையை, எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக்கிய ஆக்சாலிக் அமிலத்தில் பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து விழும் முதல் சில துளிகளின் நிறம் உடனே மறையாது; வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாக மாறிய பிறகுதான் அடுத்தடுத்த துளிகள் சட்டென்று நிறமிழக்கும். ஆய்வகத்தில் முதன்முதலாகச் செய்யும் மாணவர், அந்தத் தொடக்கத் தயக்கத்தையே முடிவுநிலை (வினை முடிந்து நிறம் மறையாமல் நிற்கும் கட்டம்) என்று எண்ணிக் குழாயை மூடிவிட்டு ‘சார், முடிஞ்சிடுச்சு’ என்பார். நாங்களும் சிரித்துக்கொண்டே குடுவையைச் சுழற்றச் சொல்வோம். நான் அனுப்பிய எட்டு நிமிடக் காணொளியில் அந்தக் காத்திருப்பை, நேரம் மிச்சமாகட்டும் என்று நானே வெட்டிவிட்டேன். எது தவறாகப் போகுமோ அதையே உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டோம் என்பது, 2021 செப்டம்பரில் நேரடி வகுப்புகள் மீண்டும் தொடங்கி, இறுதியாண்டு மாணவர்கள் பிப்பெட்டை (கரைசலை அளந்தெடுக்கும் குழாயை) பிடித்த விதத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தேர்வும் இதே கதைதான். வீட்டிலிருந்து ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக அனுப்பிய விடைத்தாள்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணை நேர்காணல் நடத்துபவர் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நீங்கள் அல்லர் என்பதையும் அவர் நினைத்துப்பார்த்திருக்கலாம்.

ஆகவே மதிப்பெண்ணைக் காட்டி வாதாடாதீர்கள். படித்த கல்லூரியின் துறைத்தலைவரிடம் அனுமதி கேட்டு, விடுமுறையில் பத்து நாட்கள் ஆய்வகத்தில் நில்லுங்கள், பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள். ஒரே கரைசலை அடுத்தடுத்து மூன்று முறை டைட்ரேட் செய்து, அளவுகள் 0.1 மில்லிக்குள் ஒத்துவரும்வரை விடாமல் செய்து, பிழையான அளவுகளையும் அடித்துத் திருத்தாமல் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவையுங்கள். அடுத்த நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தால், ‘ஆமாம் சார்’ என்று சொல்லிவிட்டு அந்த நோட்டை மேசைமேல் வையுங்கள்.