குன்னூரில் ஒரு மோரி உடை: மூவாயிரத்துக்குள் முடியுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். ஜப்பானின் ‘மோரி கேர்ள்’ பாணியில் உடுத்த ரொம்ப நாளாக ஆசை. ஆனால் இணையத்தில் ஒரு கவுனுக்கே நாலாயிரம், ஐயாயிரம் கேட்கிறார்கள். என்னிடம் மூவாயிரம்தான் இருக்கிறது. ஒரு முழு செட் சேர்க்க முடியுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: தாராளமாக முடியும். ஒரே நிபந்தனை: ‘மோரி’ என்று பெயர் போட்டு விற்பதை வாங்காதீர்கள். அந்தப் பெயருக்குத்தான் பாதி விலை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 2006 வாக்கில் ஜப்பானின் மிக்ஸி சமூக வலைத்தளத்தில் கூடிய பெண்களிடமிருந்து பரவிய பாணி இது. காட்டில் வாழும் ஒரு பெண் எப்படி உடுத்துவாள் என்ற கற்பனைதான் அடிப்படை. உடம்பைப் பிடிக்காத தையல், பருத்தி, லினன், கம்பளி, கொஞ்சம் லேஸ், பழுப்பும் பாசிப்பச்சையும் மாதிரி மண்ணோடு சேர்ந்த நிறங்கள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக. சென்னை வெயிலில் இதை உடுத்துவது கஷ்டம். உங்கள் ஊர்க் குளிருக்கோ அளவெடுத்தது போல இருக்கும்.

முதலில் அடிப்பாவாடை. ஜவுளிக் கடையில் காடா துணி கேளுங்கள். தலையணை உறைக்கு வாங்கும் அதே வெளுக்காத பருத்தித் துணிதான். மீட்டர் பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடியும். கண்ணருகே பிடித்துப் பாருங்கள், பருத்திக்கொட்டைத் தோலின் துணுக்குகள் நெசவுக்குள் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளியும் பாலாடை நிறமும்தான் இந்தப் பாணிக்கு உயிர். பளிச்சென்று வெளுத்த பாப்ளினில் அது வரவே வராது. காடா சுருங்கும் என்பதால் ஒரு ராத்திரி ஊறவைத்து, கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள்.

டெய்லரிடம் வெறும் படத்தைக் காட்டினால் அவர் ஒன்று நினைப்பார், நீங்கள் ஒன்று நினைப்பீர்கள். அளவாகவே சொல்லிவிடுங்கள். மூன்றடுக்குப் பாவாடை, இடுப்பில் எலாஸ்டிக், ஒவ்வொரு அடுக்கின் சுற்றளவும் மேல் அடுக்கைப் போல ஒன்றரை மடங்கு. மேலே 40 அங்குலம் என்றால் அடுத்தது 60, கடைசி 90. அடுக்குக்குப் பத்து அங்குல உயரம் வைத்தால், 36 அங்குல அகலத் துணி இரண்டு மீட்டரே போதும். இதைக் கேட்டதும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஐந்து மீட்டர் வாங்கி வைத்துவிடுவார்கள். விளிம்புக்கு லேஸ் வேண்டுமானால் பருத்தி நூல் லேஸாகப் பார்த்து வாங்குங்கள். மினுமினுக்கும் நைலான் லேஸ் மொத்த உடையையும் கெடுத்துவிடும்.

மேலே போட, இரண்டு அளவு பெரிய காட்டன் குர்தி போதும். வீட்டில் யாராவது திருப்பூர் பக்கம் போனால் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத் துணிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தையல், கறை, பட்டன் எல்லாவற்றையும் கடையிலேயே வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட வேண்டும்.

மிச்சப் பணத்தைக் கார்டிகனில், அதாவது முன்பக்கம் திறந்து பட்டன் போடும் ஸ்வெட்டரில் போடுங்கள். முதலில் கண்ணில் படுவது அதுதான். ஊட்டியில் தாவரவியல் பூங்கா அருகிலுள்ள திபெத்தியர் கடைகளில் பார்க்கலாம். ‘உல்லன்’ என்று சொல்லி விற்பதில் நிறைய அக்ரிலிக் என்ற செயற்கை நூல் இருக்கும். வாங்கும் முன் கடைக்காரரைக் கேட்டு, உள்தையலில் தொங்கும் நூல் ஒன்றை எடுத்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகிவிடும். அக்ரிலிக் மட்டம் என்று சொல்ல மாட்டேன், சீக்கிரம் காய்கிறது. ஆனால் கம்பளி விலை கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னால் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். பாட்டி கையால் பின்னிய பழைய ஸ்வெட்டர் இருந்தால் இந்தச் செலவே இல்லை, அதைவிட அழகாகவும் இருக்கும்.

அப்புறம், ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த பருத்தி உங்கள் ஊரில் இரண்டு நாள் ஆனாலும் காயாது, பூஞ்சைப் புள்ளி விழும். உள்ளே போடும் அடுக்குகள் மெல்லியதாகவே இருக்கட்டும்.

கேள்வி: இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றில் ‘ஜப்பான் லினன் கவுன்’ என்று 1,800 ரூபாய் கட்டினேன். வந்தது பாலியஸ்டர். ‘நோ ரிட்டர்ன்’ என்று போட்டிருக்கிறோமே என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: விடாதீர்கள். லினன் என்று சொல்லி பாலியஸ்டர் அனுப்பியது விற்றவரின் தவறு. பிடிக்காமல் திருப்புவது வேறு, சொன்ன பொருளே வராதது வேறு. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘நோ ரிட்டர்ன்’ என்ற இரண்டு சொல் அதை மாற்றிவிடாது.

விளம்பரப் படம், அரட்டை, யுபிஐ ரசீது, துணியின் லேபிள் எல்லாவற்றையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள், பக்கத்தை அழித்துவிட்டால் உங்களிடம் ஒன்றும் இருக்காது. பணத்தைத் திருப்பக் கேட்டு எழுத்தில் செய்தி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் உதகையிலுள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலே அனுப்பாமல் ஏமாற்றினால் அது சைபர் குற்றம், உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்தே உடைகளை வரவழைத்தால் மலிவாகுமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: ஒரு உடைக்காக என்றால் கட்டுப்படியாகாது. சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி) துணியின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்காகும். ‘கிஃப்ட் என்று எழுதச் சொல்லலாம்’ என்பார்கள். ஐயாயிரம் ரூபாய் வரையிலான அன்பளிப்புச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது, பொய்யாக எழுதுவது குற்றமும்கூட. தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் அனுப்பும் செலவு பங்காகும். அப்போதும் ‘ஃப்ரீ சைஸ்’ என்பதை நம்ப வேண்டாம், அங்கே அது பெரும்பாலும் சின்ன அளவு. உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு குர்தியைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் வைத்து அளந்து, விற்பவர் கொடுத்திருக்கும் சென்டிமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.