மிசௌரி ஆற்றை மேலிருந்து பார்க்க…

கேள்வி: அக்டோபர் கடைசியில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் இருக்கும் மகன் வீட்டுக்கு நானும் கணவரும் போகிறோம். ஆற்றைப் பார்த்தபடி காட்டுக்குள் நடக்க அங்கே இடம் உண்டா? அவருக்கு முட்டி வலி உண்டு.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உண்டு. என் மகள் அங்கே குடியிருந்தபோது இரண்டு முறை போயிருக்கிறேன். ஊரிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் வெல்டன் ஸ்பிரிங் வனப் பாதுகாப்புப் பகுதி இருக்கிறது. கட்டணம் கிடையாது. லூயிஸ், கிளார்க் என்று இரண்டு நடைபாதைகள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட இருவரின் பெயர்கள் அவை. 1804 மே மாதம் இந்த மிசௌரி ஆற்றில்தான் அவர்கள் எதிர்நீச்சலாகப் படகு செலுத்திப் போனார்கள். லூயிஸ் பாதை 13 கிலோமீட்டர், கிளார்க் பாதை எட்டரை. உங்களுக்குக் கிளார்க் போதும்.

ஓக் மரக்காட்டுக்குள் ஏறி இறங்கிப் போகும் வழி, சட்டென்று சுண்ணாம்புப் பாறை விளிம்பில் கொண்டுபோய் விடும். கீழே செம்மண்ணைக் கரைத்து விட்டது போல அகலமாக ஆறு. நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு கழுகு எனக்குக் கீழே வட்டமடித்தது. பறக்கிற கழுகின் முதுகை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விளிம்பில் கம்பித் தடுப்பை எதிர்பார்க்காதீர்கள், நாலடி தள்ளியே நில்லுங்கள். உதிர்ந்த சருகுக்கு அடியில் ஓக் கொட்டைகள் கோலிக்குண்டாக உருளும். நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம்.

உங்கள் கணவர் ஏற வேண்டாம். பாறைக்கு அடியிலேயே கேட்டி பாதை போகிறது. பழைய ரயில் தடம், அதனால் மேடு பள்ளமே இல்லை. நீங்களும் மகனும் மேலே போய் வரும்வரை அவர் அங்கே நிதானமாக நடக்கலாம்.

அப்புறம், வில்வம் போல மூன்று மூன்று இலையாக ஒரு கொடி மரங்களில் ஏறியிருக்கும். இலையுதிர் காலத்தில் சிவந்து அவ்வளவு அழகாக இருக்கும். பறித்துவிடாதீர்கள், அது நச்சுக்கொடி. பட்ட இடம் கொப்பளித்து வாரக்கணக்கில் அரிக்கும். உண்ணி உண்டு, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். மான் வேட்டைக்கும் அங்கே அனுமதி இருப்பதால், போகும் நாளின் நிலவரத்தை மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை நல்லது.

காலையிலேயே கிளம்புங்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்கப்புறம் மாலை ஐந்து மணிக்கே காட்டுக்குள் இருட்டிவிடும்.